இடிக்குப் பிறகு ஒரு வாதம்

காரைக்கால் வட்டாரத்தில் பதிவான முதல் ஒலிமாசுத் தகராறு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புகார் சொன்னவர்கள் பௌத்தர்கள். எதிர்த்தரப்பில் பதினாறு வயதைத் தாண்டாத ஒரு பிள்ளையும், அந்தப் பிள்ளையின் முத்துச் சிவிகையும், சிவிகைக்கு முன்னால் காளம் ஊதிக்கொண்டு போன பெருங்கூட்டமும். வழக்கைப் பதிவு செய்தவர் சேக்கிழார். சம்பவம் நடந்து ஐந்நூறு வருஷம் கழித்துத்தான் பதிவு செய்தார் என்பதையும், அவர் எதிர்த்தரப்பின் தீவிர ரசிகர் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் ஊரில் இதைவிடத் தாமதமாகப் பதிவான வழக்குகளும் உண்டு.

முன்கதை மதுரையில் தொடங்குகிறது. அங்கே சமணர்களோடு அந்தப் பிள்ளை, திருஞானசம்பந்தர், அனல்வாதம், புனல்வாதம் என்று இரண்டு சுற்று ஆடி முடித்திருந்தார். அனல்வாதத்தின் விதி எளிமையானது. இரு தரப்பும் தங்கள் ஏட்டைத் தீயில் போட வேண்டும். கருகாத ஏடு வென்ற ஏடு. யார் சொல்வது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அந்த வேலையை நெருப்பு பார்த்துக்கொள்ளும். நடுவருக்குச் சால்வை செலவும் மிச்சம். சம்பந்தர் போட்ட ஏடு திருநள்ளாற்றுப் பதிகம். அது கருகாமல் பச்சையாகவே இருந்ததால் இன்றைக்கும் அதற்குப் ‘பச்சைப் பதிகம்’ என்று பெயர். புனல்வாதத்தில் அவர் ஏடு வைகையை எதிர்த்து நீந்தியது. தோற்றால் கழுவேறுகிறோம் என்று சமணர்கள் வாய்விட்டிருந்தார்கள். சேக்கிழாரின் பெரியபுராணம் அவர்கள் எண்ணிக்கை 8000 என்கிறது. பந்தயம் கட்டும்போது வாயை அளந்து திறக்க வேண்டும் என்று சொல்வதற்குக்கூட அங்கே ஆள் மிஞ்சவில்லை.

வென்ற பிள்ளை நன்றி மறக்கவில்லை. சோழநாடு திரும்பியதும் திருநள்ளாற்றுக்கு வந்து, தீயில் காப்பாற்றிய பெருமானுக்கு இன்னொரு பதிகம் பாடினார். இன்று அதே திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் சனீஸ்வரனிடம் வேலையாக வருகிறவர்கள். நளதீர்த்தத்தில் ஒரு முழுக்கு, உடுத்தியிருந்த துணிக்கு அங்கேயே பிரியாவிடை, எள் தீபம், பிறகு பஸ். தமிழ்நாட்டின் மிகப் பிரசித்தமான வாதத்தை ஜெயித்துக் கொடுத்த பதிகத்தின் சொந்த ஊரில் யாரும் யாரோடும் வாதம் செய்வதில்லை. சனியோடு வாதம் செய்வதாவது! பேச்சு ஏழரை வருஷம் இழுக்கும்.

திருநள்ளாற்றிலிருந்து சம்பந்தர் கூட்டம் தெளிச்சேரிக்கு வந்தது. இப்போது காரைக்கால் நகருக்குள்ளேயே இருக்கும் கோயில்பத்துதான் அது. அங்கே தரிசனம் முடித்து அடுத்துப் போன ஊர் போதிமங்கை. பௌத்தர்கள் நிறைந்த ஊர். இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வழிகாட்டி இருந்திருந்தால் காளத்தைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லியிருப்பான். இவர்களோ, சேக்கிழார் வார்த்தையில் சொன்னால் திசையெல்லாம் அதிர ஊதினார்கள். வெறும் ஊதல் இல்லை. ‘பரசமய கோளரி வந்தார்’ என்று பட்டத்தைச் சொல்லி ஊதினார்கள். மற்ற மதங்கள் எல்லாம் யானை, இவர் அவற்றைக் கிழிக்கும் சிங்கம் என்று பொருள். அதாவது, ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, உங்களைக் கொல்ல ஆள் வந்திருக்கிறது என்று தாளம் போட்டுச் சொல்வது.

பௌத்தர்களுக்குச் சுருக்கென்றது. மதுரைச் சேதி அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கும். கழுமரங்களின் எண்ணிக்கை வழியில் இன்னும் கொஞ்சம் கூடியே வந்து சேர்ந்திருக்கும். ஆனாலும் அவர்களுடைய தலைவர் புத்தநந்தி கிளம்பி வந்து குறுக்கே நின்றார். அவர் சொன்னது ரொம்பச் சரியான சட்டப்பாயிண்ட். எங்களை வாதத்தில் வென்றுவிட்டு அல்லவா வெற்றிக் காளம் ஊத வேண்டும்? வெல்வதற்கு முன்பே ஊதுவது எந்த ஊர் நியாயம்?

தேர்தல் முடிவு வருவதற்கு முன் பட்டாசு வெடிக்கும் எந்தக் கட்சிக்காரரிடமும் இந்தக் கேள்வியை இன்றும் கேட்கலாம். பதில் வராது.

சம்பந்தருக்குச் சேதி போனது. அவர் ஒன்றும் பதறவில்லை. வாதத்திலேயே பார்த்துக்கொள்வோம் என்ற தோரணையில்தான் இருந்தார். ஆனால் தலைவர் நிதானமாக இருக்கும்போது தொண்டருக்குத் தலைகால் புரியாமல் போவது எல்லா இயக்கத்துக்கும் உள்ள வியாதி. சம்பந்தர் பாடப்பாட ஏட்டில் எழுதும் சீடர் ஒருவர் கூடவே இருந்தார், சம்பந்த சரணாலயர் என்று பெயர். அவர் குருவின் பஞ்சாக்கரப் பதிகத்திலிருந்து, ஐந்தெழுத்தே அத்திரம் என்று வரும் பாட்டை எடுத்து ஓங்கிச் சொன்னார். வானத்திலிருந்து இடி இறங்கியது. நேரே புத்தநந்தி மேல். தலை வேறு, உடல் வேறு.

கவனிக்க வேண்டும். புத்தநந்தி கேட்ட கேள்விக்கு இந்த நிமிஷம் வரை பதில் சொல்லப்படவில்லை.

தர்க்க நூல்களைப் புரட்டிப் பார்த்தால் உண்மையை அறியும் வழிகள் என்று காட்சி, அனுமானம், ஆகமம் என்றெல்லாம் வரிசை இருக்கும். ஒவ்வொரு மதமும் இந்த வரிசையைத் தன் வசதிக்கு நீட்டும், குறைக்கும். மணிமேகலையில் அறவண அடிகள் பௌத்தத் தரப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது காட்சி, கருத்து இரண்டே போதும் என்கிறார். இடி எந்தப் பட்டியலிலும் இல்லை. தாராளமாகப் பார்த்தால், தலையில் வாங்கியவருக்கு அது காட்சி, பக்கத்தில் நின்றவர்களுக்கு அனுமானம் என்று கணக்குக் காட்டலாம்.

சாதாரணப் புராணமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். தலை உருண்டாயிற்று, பூமாரி பொழிந்தாயிற்று, அடுத்த ஊர். ஆனால் இந்த இடத்தில் சேக்கிழார் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறார். கதையை நிறுத்தாமல் மேலே கொண்டுபோகிறார். ஓடிப்போன பௌத்தர்கள் ஒன்றுகூடுகிறார்கள். சாரிபுத்தன் என்று இன்னொருவரைத் தலைவராக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வந்து கேட்பது இது: மந்திர வித்தையெல்லாம் வேண்டாம். சமயத்தைப் பற்றி வாயால் வாதம் செய்யத் தயாரா?

சற்று முன் தலைவர் தலை உருண்ட மண்ணில் நின்றுகொண்டு, சரி, இப்போது பேசலாமா என்று கேட்டவர் சாரிபுத்தன். தமிழ் இலக்கியத்தில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை, மார்பில் வேல் வாங்கியவர்களுக்கெல்லாம் நடுகல் இருக்கிறது. இந்த மனிதருக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

இந்த முறை சம்பந்தர் தரப்பு ஒழுங்காக நடந்துகொண்டது. பக்கத்தில் ஒரு சத்திர மண்டபம். பிள்ளை அங்கே எழுந்தருளினார். இடி இறக்கிய அதே சரணாலயர்தான் பேசினார், இம்முறை வாயால் மட்டும். வானம் பேசாமல் இருந்தது.

சேக்கிழார் தரும் வாதத்தின் சாரத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும். சரணாலயர் கேட்கிறார்: உங்கள் தலைவன் யார், அவன் பெற்ற முத்தி எது? சாரிபுத்தன் சொல்கிறார்: பல கற்பங்களில் பிறந்து, தானமும் தவமும் செய்து, ஞானத்தால் முத்தி அடைந்த புத்தன் எங்கள் தலைவன். உருவம், உணர்ச்சி, அறிவு என்று ஐந்து கந்தங்களும் அடியோடு அவிந்துபோவதே முத்தி. உடனே மடக்குகிறார் சரணாலயர். அறிவும் அவிந்துபோயிற்று என்றால், விகாரை கட்டிப் பூ வைத்து நீங்கள் செய்யும் பூசையை வாங்கிக்கொள்வது யார்? வாங்க ஆளில்லாத கடையில் எதற்கு வியாபாரம்? சாரிபுத்தன் தூங்குகிறவனை உவமைக்கு இழுக்கிறார். தூங்குகிறவனுக்குத் தெரியாமல் நடப்பதற்கும் பலன் உண்டல்லவா? எதிர்த்தரப்பு விடவில்லை. தூங்குகிறவனுக்கு உயிர் இருக்கிறது, மூச்சு இருக்கிறது. உங்கள் கணக்குப்படி புத்தனுக்கு எதுவுமே இல்லையே? பிறகு பேச்சு புத்தனின் முற்றறிவுக்குத் தாவுகிறது. குவித்துப் போட்டதை எல்லாம் ஒன்றாக எரிக்கும் தீயைப்போல அவன் அறிவு எல்லாவற்றையும் அறியும் என்கிறார் சாரிபுத்தன். தீ தன் முன்னால் இருப்பதைத்தான் எரிக்கும். நேற்று இருந்த விறகையும் நாளைக்கு வரப்போகும் விறகையும் எரிக்குமா என்கிறார் சரணாலயர்.

சாரிபுத்தனுக்குப் பதில் வரவில்லை. சம்பந்தர் காலில் விழுந்தார். கூட வந்தவர்களும் சைவரானார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சாரிபுத்தன் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. ரொம்பச் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டார். முத்தி அடைந்துவிட்ட புத்தனுக்குப் பூசை எதற்கு என்ற கேள்வி புதிதே அல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தர், பாலி மொழியில் மிலிந்தன், நாகசேனர் என்ற துறவியிடம் இதே கேள்வியைக் கேட்பதாக ‘மிலிந்த பஞ்ஹ’ நூலில் ஒரு பகுதி உண்டு. அங்கேயும் தீதான் உவமை. அணைந்துபோன தீ விறகை ஏற்றுக்கொள்ளுமா என்று திருப்பிக் கேட்கிறார் நாகசேனர். ஏற்காது. அதனால் உலகத்தில் தீயே இல்லை என்று ஆகிவிடுமா? வேண்டுகிறவன் கட்டையைக் கடைந்து தன் முயற்சியில் தீ உண்டாக்கிக்கொள்கிறான். பூசையும் அப்படித்தான், பலன் செய்கிறவனுக்கு. தப்பிக்க எவ்வளவு அழகான வழி! சாரிபுத்தன் அதை எடுத்து வீசியிருந்தால் சரணாலயர் இன்னொரு தடவை வானத்தைப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

அந்த வட்டாரத்தில் பாலி தெரிந்தவர்கள் இல்லை என்றும் சொல்ல முடியாது. காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில், விகாரையில் தங்கிப் பாலி நூல்கள் எழுதியவர் புத்ததத்தர். இந்தச் சம்பவத்துக்கு இருநூறு வருஷம் முந்தையவர். விடைத்தாள் பக்கத்து ஊர்ப் பரணிலேயே இருந்திருக்கலாம். ஆனால் வாதத்தைச் சாரிபுத்தன் நடத்தவில்லை, சேக்கிழார் நடத்துகிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. இரண்டு பக்கக் காயையும் ஒருவரே நகர்த்தும் சதுரங்கத்தில் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கேட்கத் தேவையில்லை.

மிலிந்தனைப் பற்றி இன்னும் ஒன்று. பேச்சு தொடங்கும்போது நாகசேனர் ஒரு நிபந்தனை போடுகிறார். அறிஞனாகப் பேசுவாயா, அரசனாகப் பேசுவாயா என்று. என்ன வித்தியாசம் என்று அரசன் கேட்க, அறிஞர்கள் முடிச்சுப் போடுவார்கள், அவிழ்ப்பார்கள், தப்பென்றால் ஒப்புக்கொள்வார்கள், அதற்காகக் கோபப்பட மாட்டார்கள். அரசர்கள் ஒரு கருத்தைச் சொல்வார்கள், மறுத்தவனுக்குத் தண்டனை கொடுக்க உத்தரவு போடுவார்கள் என்று விளக்குகிறார். மிலிந்தன் அறிஞனாகவே பேசுகிறேன் என்றான். போதிமங்கையில் முதல் சுற்று அரசர் வாதம், இரண்டாம் சுற்று அறிஞர் வாதம். பூம்புகாரிலும் இதற்குச் சட்டம் இருந்தது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளே பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று அழைத்துவிட்டு, பகையாளியே வந்தாலும் சினமும் சண்டையும் வேண்டாம் என்று எச்சரிக்கிறான். இன்றைய டிவி விவாதங்களில் முரசறைகிறவர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்.

இப்போது என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். புத்தநந்தியின் மதத்தைப் பற்றி நமக்கு இந்தக் கதையிலிருந்து ஒன்றுமே தெரியாது. அவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டார், அதோடு சரி. சாரிபுத்தன் என்ன நம்பினார் என்பது தெரிகிறது: ஐந்து கந்தம், அவிதல், தூங்குகிறவன், தீ. அதைப் பாதுகாத்து நம் கையில் கொடுத்தது அவருடைய எதிரிகள். பெரியபுராண வகுப்பில் உட்கார்ந்து பௌத்தம் கற்றுக்கொள்ள முடிகிறது என்றால் இந்தப் பத்துப் பன்னிரண்டு பாட்டுதான் காரணம்.

தமிழில் இது தனிக்கதை இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று நாம் பெருமையாகச் சொல்லும் குண்டலகேசி, பௌத்த வாதநூல், கிட்டத்தட்ட மொத்தமாகத் தொலைந்துபோனது. அதை மறுப்பதற்கென்றே ஒரு சமணர் நீலகேசி எழுதினார். நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் என்ற இன்னொரு சமணர் உரை எழுதினார். எதிரி சொன்னதை எடுத்துப்போட்டு அடித்தால்தானே அடி விழும்? அதற்காக அவர் குண்டலகேசியின் சொற்களையும் கருத்துகளையும் ஆங்காங்கே எடுத்துவைத்தார். இன்று அந்த நூல் எதைப் பற்றி வாதிட்டது என்று ஓரளவாவது தெரிகிறதென்றால் இந்தப் பகையாளியின் புண்ணியம். பௌத்த பக்தர்கள் காப்பாற்றிய பிரதி எங்கே? கரையான் காப்பாற்றியது.

பெரியபுராணமே ஒரு மறுப்புநூல்தான் என்பது சைவர்களே சொல்லும் கதை. சோழன் அநபாயன் சீவகசிந்தாமணி என்னும் சமணக் காப்பியத்தில் மயங்கிக் கிடந்தானாம். மந்திரியாக இருந்த சேக்கிழாருக்குப் பொறுக்கவில்லை. சரி, அந்தப் புத்தகத்தைத் தடை செய்யுங்கள் என்று சொல்லவில்லை, அதைவிட நல்ல புத்தகம் ஒன்று எழுதினார். எழுநூறு வருஷம் கழித்து, 1887-ல், அந்தச் சிந்தாமணியை அச்சில் ஏற்றியவர் உ.வே.சாமிநாதையர், சைவ மடத்தில் படித்தவர். சமணக் கருத்துகள் புரியாமல் தவித்தபோது கும்பகோணத்துச் சமண வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்களும் கழுமரக் கணக்கை எடுத்து நீட்டாமல் பாடம் சொன்னார்கள்.

இடி விழுந்த பிறகு பௌத்தம் அந்தக் கடற்கரையை விட்டு ஓடிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. காரைக்காலிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் நாகப்பட்டினம். அங்கே ஸ்ரீவிஜய மன்னன் சூடாமணி விகாரை கட்டினான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக்கொடுத்தவன் ராஜராஜ சோழன், தஞ்சைப் பெரியகோயில் கட்டிய அதே பரமசைவன். போதிமங்கைக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு! லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஏடுகளில் இந்தத் தானம் பதிவாகியிருக்கிறது. சேக்கிழார் போதிமங்கைப் பாட்டுகளை எழுதிய நாளில், பக்கத்து ஊரில் மணியடித்துப் புத்தபூசை நடந்துகொண்டிருந்தது. யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சோழ அரசாங்கத்தின் கணக்கன் கேட்கவில்லை. நெல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்திருப்பான். நாகையில் மிஞ்சிநின்ற பௌத்தக் கோபுரத்தை 1867-ல்தான் இடித்தார்கள். இடித்தவர்கள் சைவர்கள் அல்ல, ஏசுசபைப் பாதிரிமார்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் வேறு கட்டடம் தேவைப்பட்டது. வாதம் எதுவும் நடக்கவில்லை, அனுமதி வாங்கினார்கள்.

காரைக்கால் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வரும் கருத்து வேறுபாடு வேறு, அது மாம்பழம் சம்பந்தப்பட்டது. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். மனைவி புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் ஒன்றை ரசித்துத் தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்கிறான். அவள் சிவனிடம் முறையிட, கையில் ஒரு பழம் வருகிறது. அது தேவலோகத்து ருசி. வியாபாரிக்கு நாக்கு துல்லியம். இது நான் அனுப்பிய பழம் இல்லையே என்கிறான். அவள் உள்ளதைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது. அவன் கையில் விழுந்ததும் மறைகிறது.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போகிறது. சந்தேகப்பட்டான், ஆதாரம் கேட்டான், ஆதாரம் கிடைத்தது. உலகத்தின் ஆகச் சிறந்த பரிசோதனை காரைக்கால் சமையலறையில் நடந்து முடிந்திருக்கிறது. அடுத்தபடியாக அவன் செய்ய வேண்டியது உட்கார்ந்து பேசுவது. நீ யார், இது எப்படி வருகிறது, எத்தனை நாளாய் என்று ஆயிரம் கேள்வி இருக்கிறது. பரமதத்தன் கப்பல் ஏறினான். பாண்டிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். பிற்பாடு சொந்தக்காரர்கள் முதல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோதும் பேசவில்லை, குடும்பத்தோடு காலில் விழுந்தான். காலில் விழுவது வாதத்திலிருந்து தப்பிக்கத் தமிழர்கள் கண்டுபிடித்த மிகப் பாதுகாப்பான வழி. விழுந்தவரோடு யார் சண்டை போடுவது?

புனிதவதி, அதாவது காரைக்கால் அம்மையார், வாயடைத்துப்போகவில்லை. பேய் உருவம் வாங்கிக்கொண்டு பாடத் தொடங்கினார். அற்புதத் திருவந்தாதியில் ஓரிடத்தில், நூலறிவு பேசித் திரிகிறவர்கள் திரியட்டும் என்று ஓர் இடி இடித்துவிட்டு, யார் எந்தக் கோலத்தில் நினைத்துத் தவம் செய்தாலும் சிவன் அந்தக் கோலத்திலேயே வருவான் என்கிறார். அடுத்த தலைமுறைகளில் வந்த காளம் ஊதிகள் அந்தப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் படித்திருக்கலாம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் தெருக்களில் பிட்சாடனர் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் மாம்பழமாக வீசுகிறார்கள். பரமதத்தன் சார்பில் யாரும் ஒரு கேள்விகூட வீசுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த கதையில் வாதத்துக்கு அதிக இடமில்லை. 1738-ல் தஞ்சாவூர் ராஜா சாகுஜி பணமுடையில் காரைக்காலை அவர்களுக்குத் தருவதாகச் சொன்னார். நாற்காலி உறுதியானதும் அப்படிச் சொன்னேனா என்றார். சந்தா சாகிப் ஊரைப் பிடித்து 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் கொடுத்தார். அங்கிருந்து நேரே 1954 அக்டோபர் 18-க்குத் தாவிவிடலாம். இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்யப் புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடினார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டு வரலாற்றுப் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. யாரும் அதை ஒரு கூட்டலில் விழுங்கிவிட்டு ஏகமனதாக என்று எழுதவில்லை. எனக்கு அந்த 170-ஐவிட இது பிடித்திருக்கிறது.

காரைக்காலிலிருந்து வடக்கே போனால் நண்டலாறு தாண்டிய கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. அங்கே 1706-ல் டேனிஷ் ராஜா அனுப்பிய ஜெர்மன் பாதிரி பார்த்தலோமியூஸ் சீகன்பால்க் வந்து இறங்கினார். வந்த வேலை தெளிவானது: இந்த அஞ்ஞானிகளுக்கு ஞானம் கொடுப்பது. அதற்கு முதலில் அஞ்ஞானிகளின் பாஷை வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இந்த ஒரு காரியத்தால் அவர் பிழைப்பு கெட்டது. பாஷை வந்ததும் ஏடுகளைப் படிக்க ஆரம்பித்தார். படித்ததும் ஊர்க்காரர்களோடு பேச ஆரம்பித்தார். பிராமணர், வணிகர், வைத்தியர் என்று வந்தவர்களோடெல்லாம் வாதம். அவர்கள் சளைக்காமல் பதில் சொன்னார்கள். எங்கள் ஊரில் இடியெல்லாம் இறக்குவோம் என்று ஒருவரும் மிரட்டியதாகத் தெரியவில்லை. அவரைப் பிடித்து நாலு மாதம் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தவர், அவருடைய சொந்த மதத்தைச் சேர்ந்த கோட்டைத் தலைவர் ஹாசியுஸ்.

வெளியே வந்தும் வாதத்தை விடவில்லை. நேரில் பேசுவது போதாதென்று, மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் உதவியோடு கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பினார். உங்கள் கடவுள் யார், பாவம் என்றால் என்ன, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பதில்கள் வந்தன. 1713-ல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்து, அச்சிடுங்கள் என்று ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே கொதித்துப்போனார். உம்மை அனுப்பியது இந்தியாவில் அஞ்ஞானத்தை வேரறுக்க, ஐரோப்பாவில் விதைக்க அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. புத்தகம் பெட்டியில் தூங்கியது. சீகன்பால்க் 1719-ல், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியிலேயே செத்துப்போனார். புத்தகம் 1867-ல் சென்னையில் அச்சானது. ஆமாம், நாகப்பட்டினத்தில் பௌத்தக் கோபுரத்தை இடித்த அதே வருஷம்.

ஆனால் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 99 கடிதங்கள். அவற்றை மிஷனரிகள் ஜெர்மனில் பெயர்த்து அனுப்ப, ஹாலேயில் மிஷன் அறிக்கைகளோடு அச்சேறின. சில இடங்களில் கத்தரி விழுந்தது. ஆனாலும் சாரம் தப்பியது. உங்கள் மதம் என்ன கெட்டதா, நல்லதுதான்; ஆனால் அதைக் கொண்டுவந்த உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், குளிப்பதற்கும் அவர்களுக்கும் ஆகாது, இவர்களைப் பார்த்து நாங்கள் எப்படி மாறுவது என்று தரங்கம்பாடிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அந்த அறிக்கைகள் அச்சானதே நன்கொடை திரட்டத்தான். ஜெர்மனியின் பக்திமான்கள் குளிர்காலத்தில் அடுப்பு ஓரம் உட்கார்ந்து, தங்களைப் பற்றிய இந்தப் புகார்களை ஒன்றுவிடாமல் படித்தார்கள். படித்துவிட்டு, மிஷனுக்குத் தொடர்ந்து பணமும் அனுப்பினார்கள்.